ஹைட்ரஜன் பாண்ட் இருந்தா ஆசிட் ஸ்ட்ராங் ஆகுமா, வீக் ஆகுமா?

பெகு_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் பன்னெண்டாம் கிரேடு, சயின்ஸ் குரூப். புக்கு இங்கிலீஷ்ல, கிளாஸ்ல விளக்குறது பர்மீஸ்ல, மண்டைக்குள்ள ஓடுறது தமிழ்ல, அதான் இங்க கேட்டா ஏறும்னு வந்தேன். ஹெச்எஃப் (ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்) ஏன் வீக் ஆசிட்னு கேட்டதுக்கு ஸ்கூல் சயா (வாத்தியார்) "அதுல ஹைட்ரஜன் பாண்ட் இருக்கு, ஹெச்சை விடாது" ன்னு ஒரே வரில முடிச்சிட்டாரு. ஹைட்ரஜன் பாண்ட்னா ஒரு ஹெச் தன்னோட அணுவை விடாமலே பக்கத்து ஆக்சிஜன், ஃப்ளோரின் மாதிரி அணுவையும் லேசா பிடிச்சிக்கறதுன்னு தெரியும், சரின்னு எழுதிக்கிட்டேன். சாயங்காலம் ட்யூஷன்ல சாலிசிலிக் ஆசிட் வந்துச்சு, அங்க என்னடான்னா "ஹைட்ரஜன் பாண்ட் இருக்கறதாலதான் இது பென்சாயிக் ஆசிடை விட ஸ்ட்ராங்" ங்கறாங்க. ஒரே பாண்டு ஒரு இடத்துல ஹெச்சை இழுத்துப் பிடிக்குது, இன்னொரு இடத்துல கழட்டி விடுதா? எதை நம்பறது?

சும்மா_வந்தவன்:
பரீட்சைல சயா சொன்னதை எழுது தங்கச்சி, மார்க் வந்துரும். விஷயம் வேணும்னா கேளு, ஹெச்எஃப் கதைல ஹைட்ரஜன் பாண்டே தேவையில்ல. ஹெச்–எஃப் பாண்டை உடைக்க மோலுக்கு 565 கிலோஜூல் வேணும். ஹெச்சிஎல் 431, ஹெச்ஐ 299. எது உடைக்கக் கஷ்டமோ அது வீக். இதுக்கு எதுக்கு சுத்தி வளைக்கணும்.

தகேட்டா_சயாமா:
தம்பி, பாண்ட் பலம் ஒரு பெரிய காரணம்தான், அதை யாரும் மறுக்கல. ஆனா அதோட கதை முடியலன்னு காட்ட ஒரு நம்பர் தர்றேன். ஸ்ட்ராங் ஆசிடும் ஸ்ட்ராங் பேஸும் சேர்ந்தா மோலுக்கு 57 கிலோஜூல் வெப்பம் வரும், இது எல்லா புக்குலயும் இருக்கு. அசிட்டிக் மாதிரி வீக் ஆசிட்னா அதைவிட கொஞ்சம் குறையும், பிரிக்கறதுக்கு கொஞ்சம் செலவாகுதுன்னு சொல்லுவோம். இப்ப ஹெச்எஃபை காஸ்டிக் சோடாவோட சேர்த்துப் பாருங்க, 68 கிட்ட வருது. குறையல, கூடுது! அவ்வளவு கெட்டியான பாண்டை உடைச்சும் பத்துப் பன்னெண்டு கிலோஜூல் மிச்சம் வருதுன்னா அந்த சக்தி எங்கிருந்து வந்துச்சு? ஃப்ளோரைடு அயனை தண்ணி மூலக்கூறுங்க சுத்தி நின்னு ஹைட்ரஜன் பாண்ட் போட்டு இறுக்கிப் பிடிக்குதே, அங்கிருந்துதான்.

அப்ப வெப்பக் கணக்குப்படி ஹெச்எஃப் சந்தோஷமா பிரியணும். ஏன் பிரியல? என்ட்ரோபி, அதாவது மூலக்கூறுங்க எவ்வளவு கலைஞ்சு திரியுதுங்கற கணக்கு. சும்மா திரிஞ்சிட்டிருந்த தண்ணியெல்லாம் அந்த குட்டி ஃப்ளோரைடை சுத்தி வரிசையா நிக்க வேண்டியதாயிடுது. அந்த ஒழுங்குக்கு குடுக்கற விலை, கிடைச்ச வெப்பத்தைவிட அதிகம். கூட்டிக் கழிச்சா பிகேஏ 3.2 (பிகேஏ ஆசிட் பலத்தோட அளவு, குறையக் குறைய ஸ்ட்ராங்). 0.1 மோலார் கரைசல்ல நூறுல எட்டுதான் பிரிஞ்சு நிக்கும், அதே அளவு ஹெச்சிஎல் முழுசா பிரிஞ்சிரும்.

அதனால பெகு பொண்ணு, உங்க சயா சொன்னது பாதி வழி. ஹைட்ரஜன் பாண்ட் "ஹெச்சை விடாம" பிடிக்கறது ஒரு பக்கம், பிரிஞ்சதுக்கு அப்பறம் ஃப்ளோரைடை பிடிக்கறது இன்னொரு பக்கம். ரியாக்‌ஷனுக்கு ரெண்டு பக்கம் இருக்குல்ல, எந்தப் பக்கத்தை அது அதிகமா பிடிக்குதோ அந்தப் பக்கம் சாயும். ஆசிட் முழுசா இருக்கும்போது பிடிச்சா ஆசிட் வீக் ஆகும், ப்ரோட்டான் (ஆசிட் விடற அந்த ஹெச் பிளஸ்) போனதுக்கு அப்பறம் மிச்சத்தை பிடிச்சா ஸ்ட்ராங் ஆகும். உங்க ட்யூஷன்ல சொன்னதும் இதேதான்.

பெகு_பொண்ணு:
சயாமா இது கொஞ்சம் புரியுது. சாலிசிலிக்கை வெச்சு இன்னொரு தடவை சொல்லுங்களேன்.

தகேட்டா_சயாமா:
மழை சீசன்ல கால் விரல் இடுக்குல அரிப்பு வந்தா படைக்கு ஒரு களிம்பு தடவுவோம் பாருங்க, விட்ஃபீல்டு களிம்புன்னு பழைய ஃபார்முலா. அதுல பென்சாயிக் ஆசிட் 6 சதவீதம், சாலிசிலிக் ஆசிட் 3 சதவீதம். ரெண்டும் ஒரே டப்பாவுல. பென்சாயிக் பிகேஏ 4.2, சாலிசிலிக் 2.97. வித்தியாசம் ஒண்ணே கால்னு சாதாரணமா நினைக்காதீங்க, இது லாக் ஸ்கேல், பதினேழு மடங்கு பலம்.

ரெண்டுக்கும் உருவத்துல என்ன வித்தியாசம், சாலிசிலிக்ல கார்பாக்சிலுக்கு (ப்ரோட்டானை விடற சிஓஓஹெச் பகுதி) பக்கத்து கார்பன்ல ஒரு ஓஹெச் இருக்கு, அவ்வளவுதான். கார்பாக்சில் தன் ப்ரோட்டானை விட்டதும் அங்க மைனஸ் சார்ஜ் நிக்குது, பக்கத்துல இருக்கற ஓஹெச் உடனே தன் ஹெச்சை அந்த மைனஸ் பக்கம் திருப்பி ஹைட்ரஜன் பாண்ட் போட்டுக்குது. ப்ரோட்டான் போகறதுக்கு முன்னாடியும் ஒரு பாண்ட் இருக்கு, ஆனா அது சார்ஜ் இல்லாத ஆக்சிஜனோட, லேசானது. மைனஸோட போடற பாண்ட் அதைவிட கெட்டி. பின் பக்கம் ஜெயிக்குது, ஆசிட் பலமாகுது.

சும்மா_வந்தவன்:
சயாமா கோவிச்சுக்காதீங்க. இது எனக்கு ஜோசியம் மாதிரி படுது. பிகேஏ குறைஞ்சா "பின் பக்கம் பிடிச்சிருக்கு", கூடினா "முன் பக்கம் பிடிச்சிருக்கு". நம்பரை பாத்துட்டு அப்பறம் காரணம் ஒட்டறதுக்கு கெமிஸ்ட்ரி எதுக்கு? ஓஹெச் எலக்ட்ரானை இழுக்கும், அதனால பலமாச்சுன்னு நான் சொல்றேன். என்ன பண்ணுவீங்க?

தகேட்டா_சயாமா:
நல்ல கேள்வி, இதை ட்யூஷன்ல ஒரு பிள்ளையும் கேக்க மாட்டேங்குது. சோதிச்சுப் பாத்துரலாம். உங்க கணக்குப்படி ஓஹெச் இருந்தாலே போதும்னா அதை எதிர் மூலைக்கு, பாரா இடத்துக்கு நகத்துங்க. பிகேஏ 4.58. பென்சாயிக்கை விடவே வீக். சரி, தூரம் அதிகமாயிடுச்சுன்னு சொல்லுவீங்க. அப்ப பக்கத்துலயே வெச்சிட்டு, ஓஹெச்சுல இருக்கற ஹெச்சை மட்டும் எடுத்துட்டு மெத்தில் (ஒரு கார்பன், மூணு ஹெச்) போடுங்க, மெத்தாக்ஸி பென்சாயிக். ஆக்சிஜன் அதே இடத்துலதான் இருக்கு, இழுக்கறதா இருந்தா அப்பவும் இழுக்கணும். பிகேஏ 4.09. திரும்ப பென்சாயிக் கிட்டயே வந்துருச்சு. போனது அந்த ஒரு ஹெச் தான் தம்பி.

இன்னும் ஒண்ணு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. சாலிசிலிக்ல இருக்கற அந்த ஓஹெச்சோட சொந்த பிகேஏ என்ன? சாதாரண ஃபீனால் (பென்சீன் வளையத்துல வெறும் ஓஹெச்) 10. இதுல 13 க்கு மேல போயிடுது. ஏன்னா அந்த ஹெச் இப்ப மைனஸை பிடிச்சிட்டு நிக்குது, அதை பிடுங்கணும்னா அந்த பாண்டை அறுக்கணும். ஒரே ஹைட்ரஜன் பாண்ட், ஒரே மூலக்கூறு, முதல் ப்ரோட்டானை ஈசியா விட வெச்சுது, ரெண்டாவதை பூட்டி வெச்சுது. பெகு பொண்ணு கேட்ட ரெண்டு பதிலும் இந்த ஒரு மூலக்கூறுக்குள்ளயே இருக்கு.

லேப்_அண்ணே:
சயாமா சொன்னதுக்கு மேல ஒரு எக்ஸ்பெரிமென்ட் இருக்கு, தண்ணியையே மாத்திடறது. நான் மருந்து டெஸ்டிங் லேப்ல இருக்கேன், டிஎம்எஸ்ஓ ன்னு ஒரு சால்வெண்ட் தினம் கைல வரும். அது ஹைட்ரஜன் பாண்டை வாங்கிக்கும், குடுக்காது. ஏன்னா அதுகிட்ட குடுக்கற மாதிரி ஓஹெச், என்ஹெச் எதுவும் கிடையாது. அதனால மைனஸ் அயனுக்கு அங்க ஆதரவே இல்ல, அனாதையா நிக்கும். அசிட்டிக் ஆசிட் தண்ணில 4.76, டிஎம்எஸ்ஓ ல 12.3. பென்சாயிக் 4.2 லேர்ந்து 11. ஃபீனால் 10 லேர்ந்து 18. ஹெச்எஃப் தண்ணில 3.2, இங்க 15 கிட்ட!! குட்டி அயன், அதுதான் தண்ணியோட ஹைட்ரஜன் பாண்டை அதிகமா நம்பி இருந்துச்சு, அதனால அதுக்குத்தான் அடி அதிகம். ஆர்கானிக் ஆளுங்க டிஎம்எஸ்ஓ ல ஃப்ளோரைடை நல்ல பேஸா யூஸ் பண்றது இதனாலதான்.

ஸ்ட்ராங், வீக் ங்கறது ஆசிடோட குணம் மட்டும் இல்ல, சுத்தி யாரு நிக்கிறாங்கங்கறதும் சேர்ந்ததுதான்.

அப்பறம் ஒரு எச்சரிக்கை. ஹெச்எஃப் வீக்னு பேசிட்டு இருக்கோம், சில துரு நீக்கற லிக்விட்ல அது இருக்கும். வீக்னா சாதுன்னு அர்த்தம் இல்ல. பிரியாம சார்ஜ் இல்லாம இருக்கறதாலதான் தோலுக்குள்ள சத்தமில்லாம இறங்கி கால்சியத்தை பிடிச்சிக்கும். வலி கூட சில சமயம் லேட்டாத்தான் தெரியும். கைல பட்டா உடனே தண்ணில கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், கால்சியம் குளூக்கோனேட் ஜெல்னு ஒண்ணு தடவுவாங்க.

சும்மா_வந்தவன்:
மெத்தாக்ஸி நம்பர் நல்லா இருக்கு. டிஎம்எஸ்ஓ வும். சரி மேல போங்க. ஆனா கெட்டியான ஹெச்எஃப் ரொம்ப ஸ்ட்ராங்னு படிச்சிருக்கேன், அது எப்படி? வீக் ஆசிடை கெட்டியாக்கினா பிரியற விகிதம் குறையத்தானே செய்யணும்.

லேப்_அண்ணே:
அங்கயும் அதே ஆளுதான். கெட்டியாகும்போது ஃப்ளோரைடை பிடிக்க இன்னொரு ஹெச்எஃப்பே வந்துடுது. ஃப்ளோரின், நடுவுல ஹெச், அந்தப் பக்கம் ஃப்ளோரின். பைஃப்ளோரைடுன்னு பேரு. அதுல ஹெச் சரியா நட்ட நடுவுல நிக்கும், எது சாதா பாண்ட் எது ஹைட்ரஜன் பாண்ட்னு சொல்லவே முடியாது. தண்ணிக்கும் தண்ணிக்கும் நடுவுல ஹைட்ரஜன் பாண்ட் 20 கிலோஜூல் சுமாருக்கு இருக்கும், இது 160 கிட்ட. ஃப்ளோரைடை இப்படி தூக்கிட்டுப் போயிடறதால பேலன்ஸ் பிரியற பக்கம் சாயுது. தண்ணியே இல்லாத சுத்த ஹெச்எஃப் சல்ஃபூரிக் ஆசிட் ரேஞ்சுல நிக்கும்.

மோல்மேன்_ரப்பர்:
நான் படிச்சது எட்டாவது, இவ்வளவு நேரம் ஒதுங்கி நின்னு படிச்சிட்டு இருந்தேன். எங்க ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டம். பால் கெட்டுப் போகாம இருக்க அமோனியா ஊத்துவோம், ஷீட் போடணும்னா ஃபார்மிக் ஆசிட் ஊத்தி உறைய வைப்போம். டிரம்முல "அமோனியம் ஹைட்ராக்சைடு" ன்னு ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தா கண்ணுல தண்ணி கொட்டற வாசம். உள்ள இருக்கறது அமோனியாவா, அமோனியம் ஹைட்ராக்சைடா? ரெண்டும் ஒண்ணா?

தகேட்டா_சயாமா:
அண்ணே நீங்க கேட்டது எட்டாவது கேள்வி இல்ல, 1912 ல பெரிய பெரிய கெமிஸ்ட் எல்லாம் மண்டைய உடைச்சுக்கிட்ட கேள்வி.

டிரம்முக்குள்ள பெரும்பாலும் அமோனியாதான், தண்ணியோட ஹைட்ரஜன் பாண்ட் போட்டுக்கிட்டு. 1 மோலார் கரைசல்ல ஆயிரத்துல நாலுதான் அமோனியமும் ஹைட்ராக்சைடுமா பிரிஞ்சிருக்கும். மிச்சம் 996 அமோனியாவாவே இருக்கு, அதனாலதான் மூடியைத் திறந்ததும் மூக்குல ஏறுது. அயனா மாறிட்டா அது பறக்காது, வாசமும் வராது.

அந்தக் காலத்து ஆளுங்களுக்கு என்ன குழப்பம்னா, நைட்ரஜன்ல நாலு மெத்தில் ஒட்டின டெட்ராமெத்தில் அமோனியம் ஹைட்ராக்சைடு காஸ்டிக் சோடா மாதிரி ஸ்ட்ராங் பேஸ். மூணு மெத்தில், ஒரு ஹெச்னா வீக். ஒரே ஒரு ஹெச் வித்தியாசம், குணம் தலைகீழ். மூர், வின்மில்னு ரெண்டு பேரு 1912 ல சொன்னாங்க, அந்த ஹெச் நைட்ரஜனுக்கும் ஹைட்ராக்சைடுக்கும் நடுவுல லேசா ஒட்டிக்கிட்டு நிக்குது, அதனால ஹைட்ராக்சைடு விட்டு விலகிப் போக முடியல, நாலு மெத்தில் இருந்தா ஒட்டிக்கறதுக்கு ஹெச்சே இல்ல, விலகிப் போயிடுதுன்னு. அப்பறம் 1920 ல லாட்டிமர், ரோட்புஷ் தண்ணிக்கும் அமோனியாவுக்கும் இதையே விரிவா எழுதினாங்க. பிரான்ஸ்டெட்டும் லோரியும் ப்ரோட்டான் குடுக்கறது ஆசிட், வாங்கறது பேஸ்னு சொன்னது 1923 ல. அதாவது ப்ரோட்டான் கைமாறுதுன்னு விதி எழுதறதுக்கு முன்னாடியே, கைமாறாம நடுவுல நிக்கற நிலைய கண்டுபிடிச்சிட்டாங்க, அதுவும் ஒரு பேஸ் ஏன் வீக்கா இருக்குன்னு தேடிப் போய்.

பெகு_பொண்ணு:
அப்ப ஹைட்ரஜன் பாண்ட்ங்கறது பாதில நின்ன ஆசிட் பேஸ் ரியாக்‌ஷனா சயாமா?

தகேட்டா_சயாமா:
கிட்டத்தட்ட. நிச்சயதார்த்தத்துல தாம்பூலத் தட்டு மாத்தும்போது பாத்திருப்பீங்க, குடுக்கறவர் இன்னும் கையை எடுக்கல, வாங்கறவர் கை வெச்சாச்சு, போட்டோக்காரர் "அப்படியே நில்லுங்க" ங்கறாரு. அந்த நிலைமைதான் ஹைட்ரஜன் பாண்ட். குடுக்கறவர் கை தளர்ந்து வாங்கறவர் இழுப்பு ஜாஸ்தியானா தட்டு மாறிடும், அது ப்ரோட்டான் டிரான்ஸ்ஃபர். ரெண்டு பேர் இழுப்பும் சமமா இருந்தா தட்டு நடுவுல நிக்கும், அதான் லேப் அண்ணே சொன்ன பைஃப்ளோரைடு.

2011 ல ஐயூபிஏசி (உலக கெமிஸ்ட்ரி அமைப்பு) ஹைட்ரஜன் பாண்டுக்கு புது விளக்கம் குடுத்தப்ப இதைச் சேர்த்தே எழுதிட்டாங்க. குடுக்கற பக்கத்தோட பிகேஏ வும் வாங்கற பக்கத்தோட பிகேபி யும் (பேஸ் பலத்தோட அளவு) அந்த பாண்டோட பலத்தோட ஒத்துப் போகும், ப்ரோட்டான் கைமாறறதுக்கு முந்தின படியா இதைப் பாக்கலாம்னு.

சும்மா_வந்தவன்:
"கிட்டத்தட்ட" ன்னு சொன்னீங்களே அதைப் பிடிச்சிக்கிறேன். தண்ணிக்குள்ள ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து ஆளோட ஹைட்ரஜன் பாண்ட் போட்டிருக்கு. எல்லாம் பாதி ரியாக்‌ஷன்னா பிஹெச் 7 ல ஏன் நிக்குது? லிட்டருக்கு 55 மோல் தண்ணி, அதுல ப்ரோட்டானை விட்டது பத்து லட்சத்துல ஒரு பங்கு மோல் கூட இல்லயே.

லேப்_அண்ணே:
பாதி வழி வந்தவன் எல்லாம் மீதி வழியும் போவான்னு யாரு சொன்னா. தண்ணியும் தண்ணியும் ஒரே மாதிரி ஆளுங்க, ஆனா குடுக்கற தண்ணி ரொம்ப வீக் ஆசிட், வாங்கற தண்ணி ரொம்ப வீக் பேஸ். ஒரு தடவை கைமாத்த பிகேஏ கணக்குல ரொம்ப உயரம் ஏறணும். ஆனா ஒரு ப்ரோட்டான் எக்ஸ்ட்ராவா உள்ள வந்துட்டா பாருங்க, அப்ப தெரியும் அந்த வலையோட அருமை. வந்த ப்ரோட்டானே நீந்திப் போக வேண்டியதில்ல, இந்தப் பக்கம் ஒருத்தர் வாங்க, அந்தப் பக்கம் அவரோட இன்னொரு ப்ரோட்டானை அடுத்தவருக்கு தள்ள, வலை வழியா கைமாறிக்கிட்டே போயிடும். கிரோத்தஸ் 1806 லயே இந்த மாதிரி ஒரு ஐடியா சொன்னாரு. கண்டக்டிவிட்டி டேபிள் பாருங்க, ஹைட்ரஜன் அயன் 350, சோடியம் 50, பொட்டாசியம் 73. மத்த அயனெல்லாம் உடம்போட நகரணும், இதுக்கு அது தேவையில்ல. ஹைட்ராக்சைடும் இதே வித்தைல 198 வரைக்கும் வந்துடும்.

கரண்ட் போயிடுச்சு, போன்ல சார்ஜ் இல்ல, அப்பறம் வர்றேன்.

ரங்கூன்_அக்கா:
எல்லாரும் பெரிய விஷயம் பேசறீங்க, நான் சமையக்கட்டுலேர்ந்து ஒண்ணு கேக்கறேன். ஆரத்திக்கு மஞ்சத் தண்ணில வெத்தலைச் சுண்ணாம்பு போட்டா செவக்குது, எலுமிச்சை பிழிஞ்சா திரும்ப மஞ்சளாயிடுது. இதுவும் உங்க ஆசிட் பேஸ் தானே, ஹைட்ரஜன் பாண்டு இதுல இருக்கா?

தகேட்டா_சயாமா:
இருக்குக்கா, நல்லாவே இருக்கு. மஞ்சள்ல குர்குமின்னு ஒரு சாயம். அதோட நடுவுல ரெண்டு ஆக்சிஜன் எதிரெதிரா உக்காந்திருக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஹெச் மாட்டிக்கிட்டு இருக்கும், மூலக்கூறுக்குள்ளயே ஒரு ஹைட்ரஜன் பாண்ட் வளையம். அந்த வளையம் இருக்கறதாலதான் குர்குமின் ஈனால் வடிவத்துல (இரட்டை பாண்ட் போட்ட கார்பன்ல ஓஹெச் இருக்கற வடிவம்) நிலைச்சு நிக்குது. சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு, பேஸ், அது ப்ரோட்டானை பிடுங்கினதும் எலக்ட்ரான் பரவற விதம் மாறி செவப்பு. எலுமிச்சை ப்ரோட்டானை திருப்பிக் குடுக்கவும் பழைய மஞ்சள். பெகு பொண்ணு, லேப் இல்லன்னு கவலைப்படாதீங்க, மஞ்சளை ஸ்பிரிட்ல கரைச்சு வெள்ளைக் காகிதத்துல தடவி காய வெச்சா அதுவே ஒரு டெஸ்ட் பேப்பர், பேஸ் பட்டா காட்டிக் குடுத்துடும்.

ரங்கூன்_அக்கா:
அப்ப ஙாப்பில (மீன் விழுது) எலுமிச்சை பிழிஞ்சா கவிச்சி குறையறது?

லேப்_அண்ணே:
மீ லாபி! கரண்ட் வந்துருச்சு.
அக்கா அது டிரைமெத்திலமின், மீன் வாசத்துக்கு அதுதான் முக்கிய ஆளு, சயாமா சொன்ன 1912 கதைல வர்ற அதே மூணு மெத்தில். எலுமிச்சை ப்ரோட்டான் குடுத்ததும் உப்பா மாறிடும், பறக்காது, மூக்குக்கு வராது.

இதுலயே ஒரு புதிர் இருக்கு, பெகு பொண்ணு இதைக் கட்டாயம் பாக்கணும். மெத்தில் எலக்ட்ரானை தள்ளிக் குடுக்கும், அப்ப மெத்தில் கூடக் கூட அமீன் பலமான பேஸா ஆகணும்ல? அமோனியாவோட கான்ஜுகேட் ஆசிட் (ப்ரோட்டான் வாங்கின வடிவம்) பிகேஏ 9.25, இது கூடினா பேஸ் பலம். ஒரு மெத்தில் 10.6. ரெண்டு மெத்தில் 10.7. மூணு மெத்தில்... 9.8. கீழ விழுந்துடுச்சு. கேஸா இருக்கும்போது அளந்தா இப்படி விழாது, ஏறிக்கிட்டே போகும். அப்ப தண்ணிதான் காரணம். ப்ரோட்டான் வாங்கின அமோனியத்துக்கு நாலு ஹெச், நாலுலயும் தண்ணி வந்து ஹைட்ரஜன் பாண்ட் போட்டு பிளஸ் சார்ஜை தாங்கும். மூணு மெத்தில் இருந்தா ஒரே ஒரு ஹெச், தாங்க ஆள் இல்ல. ஒரு பக்கம் மெத்தில் ஏத்தி விடுது, இன்னொரு பக்கம் ஹைட்ரஜன் பாண்ட் குறைஞ்சு இறக்கி விடுது, நடுவுல ரெண்டு மெத்தில் இருக்கறவன் ஜெயிக்கிறான்.

சும்மா_வந்தவன்:
என் பங்குக்கு ஒண்ணு போடறேன், சயாமா பக்கம் வாதாடற மாதிரி ஆயிடும், பரவால்ல. மாலிக், ஃபியூமாரிக்னு குழப்பிக்காதீங்க, மலீயிக் ஆசிட், ஃபியூமாரிக் ஆசிட். அணுக் கணக்கு ஒண்ணே, மலீயிக்ல ரெண்டு கார்பாக்சிலும் ஒரே பக்கம், ஃபியூமாரிக்ல எதிரெதிர். ஃபியூமாரிக் பிகேஏ 3.0, 4.4. மலீயிக் 1.9, 6.1. முதல் ப்ரோட்டான் சட்டுனு போகுது, ரெண்டாவது போகவே மாட்டேங்குது. சாலிசிலிக் கதையேதான், மிச்சம் இருக்கற ஹெச் ரெண்டு ஆக்சிஜனுக்கு நடுவுல பூட்டிக்குது.

ஆனா இதை முழுசா ஹைட்ரஜன் பாண்ட் கணக்குல எழுதிடக் கூடாதுங்கறது என் கருத்து. ரெண்டு மைனஸ் ஒரே பக்கம் நெருக்கமா நின்னா சும்மாவே ஒண்ணை ஒண்ணு தள்ளும், அதுவே ரெண்டாவது பிகேஏ வை ஏத்தும். அதோட கிறிஸ்டல்ல ஹெச் கிட்டத்தட்ட நடுவுல நிக்குதுன்னா தண்ணிலயும் அப்படியேன்னு நினைக்க வேண்டாம், தண்ணில சுத்தி இருக்கற மூலக்கூறுங்களும் அந்த இடத்துக்கு போட்டி போடும்.

தகேட்டா_சயாமா:
ஒத்துக்கறேன், எனக்கும் இதே கருத்துதான். பரீட்சைல எழுதும்போது ரெண்டு காரணத்தையும் எழுதுங்க, முழு மார்க்.

சரி பெகு பொண்ணு, இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி. நைட்ரோஃபீனால். ஆர்த்தோவுல ஓஹெச்சும் நைட்ரோவும் பக்கத்துல, உள்ளுக்குள்ளயே ஹைட்ரஜன் பாண்ட். பாராவுல தூரம், அது கிடையாது. ஆர்த்தோ பிகேஏ 7.23, பாரா 7.15. சாலிசிலிக்ல பக்கத்துல இருந்தவன் நல்லா ஸ்ட்ராங் ஆனான், இங்க பக்கத்துல இருக்கறவன் துளி வீக் ஆயிட்டான். ஏன்?

பெகு_பொண்ணு:
யோசிச்சுப் பாத்தேன் சயாமா. சாலிசிலிக்ல ப்ரோட்டான் விட்டது கார்பாக்சில், பிடிச்சது வேற ஒரு ஓஹெச். ப்ரோட்டான் போன பிறகும் ஹைட்ரஜன் பாண்ட் போட ஒரு ஹெச் மிச்சம் இருந்துச்சு. நைட்ரோஃபீனால்ல ஹைட்ரஜன் பாண்ட் போட்டிருக்கறதும் அதே ஹெச், விட வேண்டியதும் அதே ஹெச். அது போயிட்டா பாண்டும் போச்சு, மைனஸை தாங்க உள்ள யாரும் இல்ல. அதனால முன் பக்கம் மட்டும்தான் பிடிப்பு, ஆசிட் வீக் ஆகுது. இது சரியா? இன்னொண்ணும் தோணுது, ஆர்த்தோதானே ஸ்டீம்ல ஆவியாகி வரும்னு பிராக்டிகல் புக்குல இருக்கு, அதுவும் இதே பாண்ட் உள்ளுக்குள்ளயே இருக்கறதால பக்கத்து மூலக்கூறை பிடிக்காம விடறதாலயா?

தகேட்டா_சயாமா:
ரெண்டும் சரி. ரெண்டாவதை நான் கேக்கவே இல்ல!
இதே மாதிரி இன்னொண்ணு, சாலிசிலிக்ல ஒரு பக்கம் ஓஹெச், கார்பாக்சிலுக்கு ரெண்டு பக்கமும் ஓஹெச் வெச்சா?

பெகு_பொண்ணு:
மைனஸை ரெண்டு பக்கமும் பிடிக்கும். 2.97 ஐ விட குறையணும்.

லேப்_அண்ணே:
1.3. இந்தப் பொண்ணு லேபுக்கு வேலைக்கு வந்தா எனக்கு ஆபத்து.

மோல்மேன்_ரப்பர்:
எனக்கு வேலைக்கு ஆகற ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. பால் உறைய வைக்க ஃபார்மிக்குக்கு பதிலா அசிட்டிக் ஊத்தலாமான்னு ஒருத்தர் கேக்கறாரு. விலை பாத்துதான் கேக்கறாரு. என்ன வித்தியாசம்?

தகேட்டா_சயாமா:
அண்ணே ரெண்டுலயும் உறையும். ரப்பர் துளிகளை சுத்தி புரோட்டீனும் சோப்பு மாதிரி கொழுப்பு அமிலமும் மைனஸ் சார்ஜோட நிக்கறதாலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மிதக்குது. ஆசிட் ஊத்தினா அந்த மைனஸ் ப்ரோட்டான் வாங்கிக்கிட்டு அடங்கிடும், துளி எல்லாம் சேர்ந்து கட்டியாகும். ஃபார்மிக் பிகேஏ 3.75, அசிட்டிக் 4.76, பத்து மடங்கு பலம் வித்தியாசம். அதோட ஃபார்மிக் மூலக்கூறு எடை 46, அசிட்டிக் 60. அதனால அதே வேலைக்கு அசிட்டிக் கூடுதலாத்தான் ஊத்தணும். லிட்டர் விலையை மட்டும் பாக்காம ஒரு ஷீட்டுக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போடச் சொல்லுங்க. அமோனியா போட்டு வெச்சிருந்த பாலா இருந்தா முதல்ல அந்த அமோனியாவை அடக்கவே ஆசிட் செலவாகும், அதையும் சேர்த்துக்கணும்.

லேப்_அண்ணே:
எதை ஊத்தினாலும் தண்ணில கலந்து நீர்த்துட்டு ஊத்துங்க அண்ணே, கெட்டியா ஒரே இடத்துல ஊத்தினா அங்க மட்டும் கட்டியாயிடும், ஷீட் சீரா வராது. கலக்கும்போது தண்ணில ஆசிடை ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய இல்ல. கெட்டி ஃபார்மிக் தோலை கொப்பளிக்க வெச்சிடும், கையுறை போட்டுக்குங்க.

மோல்மேன்_ரப்பர்:
நீர்த்துத்தான் ஊத்துவோம். கையுறைதான் யாரும் போடறதில்ல, சொல்றேன்.